கோட்டைக்குள் ஒரு தேவாலயம்: புனித மரியாள் ஆலயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் சரி, பார்க்கப் போகிறவர்களும் சரி, பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையிலேயே மிகப் பழைய தேவாலயம் இதுதானா?

இல்லை. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே மயிலாப்பூர்ப் பக்கம் போர்த்துகீசியர்கள் கட்டிய கோயில்கள் இருந்தன. லஸ் தேவாலயத்தின் கல்வெட்டு 1516 என்று ஆண்டு சொல்கிறது. கோட்டைக்குள் இருக்கும் இந்த ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது 1680 அக்டோபர் 28ஆம் தேதி. அதாவது லஸ் கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு இளையது.

பிறகு ஏன் 'மிகப் பழையது' என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றால், சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் மிகப் பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) தேவாலயம் என்பதுதான் அதற்குரிய பெருமை. சொல்லிச் சொல்லி 'ஆங்கிலிக்கன்' என்ற சொல் நடுவில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியதா?

கம்பெனிக்காரர்கள் கட்டினார்கள், கம்பெனி கட்டவில்லை. கோட்டை 1640இலேயே எழுந்துவிட்டாலும் நாற்பது ஆண்டுகளுக்கு ஆங்கிலேயருக்கென்று தனியாக ஒரு கோயில் கிடையாது. கோட்டைக்குள் இருந்த கம்பெனி மாளிகையிலேயே ஓர் அறையை ஒதுக்கி ஜெபம் நடத்தி வந்தார்கள். வியாபாரத்துக்கு வந்த கம்பெனிக்குக் கோயில் செலவு வீண் செலவு.

1678இல் கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், லண்டனைக் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது என்று முடிவு செய்து கோட்டைவாசிகளிடமே நன்கொடை திரட்டத் தொடங்கினார். அவர் நோட்டைத் திறந்த நாள் மார்ச் 25, மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள். ஆலயத்துக்கு மரியாள் பெயர் வந்தது அதனால்தான். 805 வராகன் சேர்ந்தது. இரண்டரை ஆண்டில் கட்டி முடித்தும்விட்டார்கள். கோட்டையின் பாதிரியார் ரிச்சர்ட் போர்ட்மன் அர்ப்பண ஆராதனை நடத்த, கோட்டையிலிருந்து துப்பாக்கிகளும் பீரங்கிகளும் முழங்கின.

வடிவமைத்தது யார்?

எட்வர்ட் ஃபௌல், வில்லியம் டிக்சன் என்ற இரண்டு பெயர்களைப் பொதுவாகச் சொல்வார்கள். இருவருமே கோட்டையின் பீரங்கிப் பிரிவோடு தொடர்புடையவர்கள். கட்டடத்தைப் பார்த்தால் அதை நம்புவதில் ஒரு சிரமமும் இருக்காது.

கூரை ஏன் உருளையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது?

இந்தக் கட்டடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். மற்றக் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

பழைய மதராஸ் கட்டடங்களில் வழக்கமான கூரை எப்படி இருக்கும்? தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசி மொட்டை மாடியாக முடித்துவிடுவார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று இன்றைக்கும் என்ஜினீயர்கள் சொல்வது அதைத்தான். வீட்டுக்கு அது அருமையான கூரை. ஆனால் மேலிருந்து ஒரு பீரங்கிக் குண்டு விழுந்தால் உத்தரம் முறியும். தீக்குண்டாக இருந்தால் எரியும். உத்தரம் போனால் கூரை மொத்தமும் உள்ளே இருப்பவர்கள் தலையில்.

புனித மரியாள் ஆலயத்தில் உத்தரமே இல்லை. கதவு, ஜன்னல் தவிரக் கட்டுமானத்தில் மரத்துக்கு இடமே தரவில்லை. நடுவில் ஒரு கூடம், இருபுறமும் இரண்டு பக்கக் கூடங்கள். மூன்றுக்கும் தனித்தனியாகச் செங்கல் வளைவுக் கூரை, சுமார் இரண்டடி கனத்தில். கோட்டைகளில் வெடிமருந்துக் கிடங்குகளுக்குப் போடும் கூரை இது.

வளைவுக் கூரை தன் எடையை நேராகக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு ஈடுகொடுக்கத்தான் வெளிச்சுவர்களை நான்கடி கனத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். நடுக்கூடத்தின் வளைவு வெளிப்பக்கமாகத் தள்ளும்போது, பக்கக் கூடங்களின் வளைவுகள் எதிர்த்திசையில் தள்ளி அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. மூன்று வளைவுகளை அருகருகே வைத்தது வெறும் அழகுக்காக இல்லை என்பது அப்போதுதான் புரியும். உள்ளே போனதும் ஒரு ஜன்னல் ஓரம் நின்று சுவரின் கனத்தைப் பாருங்கள். ஜன்னலின் பக்கச் சுவரே ஒரு ஆள் சாய்ந்து நிற்கும் அகலத்துக்கு இருக்கும்.

ஆக, இதைக் கோட்டைக்குள் கட்டிய தேவாலயம் என்பதைவிட, கோட்டையின் ஒரு பகுதியையே தேவாலயமாகக் கட்டினார்கள் என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிற்காலத்தில் இதை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகும்.

சுவரும் தூணும் பளிங்கு மாதிரி வழவழப்பாக இருக்கின்றனவே, பளிங்கா?

உள்ளே இருக்கும் நினைவுச் சிற்பங்களில் பல பளிங்குதான். ஆனால் அந்தக் காலத்து மதராஸ் கட்டடங்களின் சுவரில் மின்னுவது சுண்ணாம்பு. கடற்சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை மாவாக அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்துப் பூசி, ஈரம் காயக் காயக் கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். 'மெட்ராஸ் சுண்ணம்' என்று ஐரோப்பியர்கள் வியந்து எழுதியது இதைப் பற்றித்தான். வடிவம் எங்கிருந்து வந்திருந்தாலும் செங்கல்லும் சுண்ணாம்பும் இந்த மண்ணின் வேலை. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறது, தேய்த்தவர்கள் பெயர் எதுவும் பதிவாகவில்லை.

கோபுரம் மட்டும் வேறு பாணியில் தெரிகிறதே?

அது பிறகு வந்தது. 1680இல் கோபுரம் கிடையாது. மணிக்கோபுரம் 1701 வாக்கிலும், அதன் மேல் கூம்பு 1710இலும் சேர்க்கப்பட்டன. முற்றுகைகளில் அடிபட்டதால் கூம்பை மறுபடி கட்ட வேண்டி வந்தது. இப்போது நாம் பார்க்கும் கூம்பு 1795இல் எழுப்பியது.

குண்டு தாங்கும் கட்டடத்தின் தலையில் எதிரி குறி பார்க்க வசதியாக ஒரு கூம்பை வைத்தது கொஞ்சம் வேடிக்கைதான். 1710இல் கோட்டைக்காரர்களுக்குத் தங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது போலிருக்கிறது.

போர்க் காலத்தில் உண்மையிலேயே இது பயன்பட்டதா?

பயன்பட்டது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஒப்பந்தப்படி 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிரபு வந்து கோட்டையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரி வரை குண்டு மழை பொழிந்தார். அவரால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. 1780களில் ஹைதர் அலியோடு போர். இப்படிப்பட்ட காலங்களில் ஆராதனையை நிறுத்திவிட்டு, ஆலயத்தைப் படைவீரர் தங்குமிடமாகவும் தானியக் கிடங்காகவும் மாற்றிக்கொண்டார்கள். கோட்டையில் இவ்வளவு கனமான கூரை வேறு எத்தனை கட்டடங்களுக்கு இருந்தது? ஆபத்து என்றதும் அரிசி மூட்டை இங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

போர் முடிந்ததும் மூட்டைகளை அகற்றிவிட்டு மறுபடி ஆராதனை தொடங்குவார்கள். புனிதம் கெட்டுவிட்டதாக யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். கீழே ஆட்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்களா?

இல்லை, நீங்கள் தயங்காமல் நடக்கலாம். இங்கே வந்து சேர்ந்தவை கற்கள் மட்டும்தான். உடல்கள் வேறு இடத்தில் இருந்தன.

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. பணம் படைத்தவர்கள் அங்கே ஆளுயரத்துக்கும் மேலாகக் கல்லறை மண்டபங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். லாலியின் ஆட்கள் முற்றுகையிட்டபோது அந்த மண்டபங்களே அவர்களுக்கு மறைவிடமாகிவிட்டன. செத்த ஆங்கிலேயரின் மறைவில் நின்று, உயிரோடு இருந்த ஆங்கிலேயரைச் சுட்டார்கள். முற்றுகை ஓய்ந்ததும் கோட்டை அதிகாரிகள் செய்த முதல் காரியங்களில் ஒன்று அந்த மண்டபங்களை இடித்துத் தள்ளியது. எழுத்து பொறித்த கற்களை மட்டும் தூக்கி வந்து ஆலய முற்றத்தில் பாவினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஹைதர் அலி போரின்போது மதில் மேல் பீரங்கிகளை நிறுத்தக் கெட்டியான தளம் தேவைப்பட்டது. பெயர்த்தெடுக்கத் தயாராகக் கருங்கல் பலகைகள் ஆலய முற்றத்தில் இருந்தன. கற்கள் மதிலுக்குப் போயின. பிறகு திரும்பி வந்தபோது எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்ற ஒழுங்கு எல்லாம் போய்விட்டது.

இவற்றில் மிகப் பழையது எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல், ஆண்டு 1652. கோட்டையின் முதல் பிரசிடென்ட் ஆரன் பேக்கரின் மனைவி. கணவரோடு கப்பலில் வரும் வழியிலேயே பிரசவத்தில் இறந்துபோனார். ஆலயத்துக்கு 1680, கல்லுக்கு 1652 என்று கணக்கு இடிக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை: கல் வேறு இடத்தில் பிறந்தது. ஆங்கிலம் மட்டும் இல்லை, லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனிய எழுத்துகளும் தரையில் தென்படும். அந்தக் காலத்துச் சென்னையில் யார் யார் வியாபாரம் செய்தார்கள் என்பதைத் தரையைப் பார்த்தே படித்துவிடலாம்.

பழைய இடுகாட்டில் இடிபடாமல் தப்பிய ஒன்றிரண்டில் ஹின்மர்ஸ் கல்லறையின் கூம்பு குறிப்பிடத்தக்கது. உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஜோசப் ஹின்மர்ஸ், அவர் மனைவி பின்னர் மறுமணம் செய்துகொண்ட எலிஹு யேலின் சிறு வயதில் இறந்த மகன் டேவிட், இருவரும் அங்கேதான்.

யேல் என்றால் யேல் பல்கலைக்கழகத்தின் யேலா?

அவரேதான். 1680 நவம்பர் 4ஆம் தேதி, ஆலயம் திறந்த ஒரு வாரத்தில், கேத்தரின் ஹின்மர்ஸை யேல் இங்கே மணந்தார். இந்த ஆலயத்தின் முதல் திருமணம் அது. பிறகு 1687இலிருந்து 1692 வரை கவர்னராக இருந்தார். அவர் சென்னையில் திரட்டிய செல்வத்தில் ஒரு சிறு பங்குதான் 1718இல் அமெரிக்கக் கல்லூரிக்குப் போய் அவர் பெயரை அழியாமல் வைத்தது. கவர்னராக அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தைகள் அதிகம் இல்லை.

1753இல் ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினை மணந்ததும் இங்கேதான். கல்கத்தாவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689இல் இங்கே ஞானஸ்நானம் நடந்தது. இதில் ஒரு கிளைக்கதை: சார்னாக் கல்கத்தாவில் இறந்தபோது அவர் கல்லறைக்குப் போன கல் பல்லாவரம் பக்கத்துக் கருங்கல். புவியியலாளர்கள் அந்தப் பாறை வகைக்கே அவர் பெயரால் 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆலயத்துக்கு உள்ளே யாரையும் புதைக்கவில்லையா?

புதைத்திருக்கிறார்கள். கவர்னர் பிகாட் பிரபு அவர்களில் ஒருவர். தஞ்சாவூர் ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கும் விவகாரத்தில், ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனி அதிகாரிகளோடு மோதினார். அவருடைய கவுன்சிலே 1776இல் அவரைக் கைது செய்தது. 1777இல் காவலிலேயே இறந்தார். இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள், பெயரைப் பொறிக்காமல். 'நினைவாக' என்ற பொருளில் லத்தீனில் இரண்டு சொற்கள் மட்டும் இருக்கும் கல்லை அவருடையது என்று காட்டுவார்கள்.

ரயத்துவாரி முறையோடு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த தாமஸ் மன்றோவும் இங்கே. 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்து, குத்தி என்ற ஊரில் புதைக்கப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து இங்கே மாற்றப்பட்டார். தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் இவரேதான்.

சுவர்களில் இருக்கும் நினைவுக் கற்களையும் நிதானமாகப் படியுங்கள். எல்லோரும் உத்தமர்கள், எல்லோரும் கருணையாளர்கள். கெட்டவர் ஒருவர்கூடக் கப்பலேறிச் சென்னைக்கு வரவில்லை என்றே தோன்றும். விதிவிலக்காக, தஞ்சாவூரில் வாழ்ந்து 1798இல் மறைந்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சிற்பம் உண்மையான மரியாதையோடு வைத்ததாகத் தெரிகிறது. கம்பெனி செலவில் இளைய ஜான் பேக்கன் செதுக்கியது. இரண்டாம் சரபோஜி அவருக்கு வைத்த சிற்பம் தஞ்சையில் தனியாக இருக்கிறது, அது ஃபிளாக்ஸ்மன் செய்தது.

வழிபாடு, போர் இரண்டையும் விட்டால் வேறு எதற்குப் பயன்பட்டது?

பணத்துக்கும் படிப்புக்கும். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆலய நிர்வாகக் குழுவிடம் நன்கொடை, உயில் சொத்து என்று நிதி சேர்ந்தது. அதை வட்டிக்கு விட்டார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பணத்துக்கும் காப்பாளர்களாக இருந்தார்கள். கடலில் ஒரு கப்பல் கவிழ்ந்தால், ஒரு காய்ச்சல் சீசன் வந்தால், கோட்டைக்குள் அநாதைகள் எண்ணிக்கை கூடிவிடும் காலம் அது. 1715இல் அப்படிப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்காக ஆலயத்தின் பொறுப்பில் ஒரு தர்மப் பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் இன்று இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பள்ளி தன் வரலாற்றை அதிலிருந்துதான் கணக்கிடுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இங்கே வழிபட்டார்களா?

முதல் இரண்டு நூற்றாண்டுகளில் இது கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் நகரத்தின் கோயில். தமிழ்ச் சபை வளர்ந்தது கோட்டைக்கு வெளியே. 1726இல் தரங்கம்பாடியிலிருந்து வந்த மிஷனரி பெஞ்சமின் ஷூல்ட்ஸ் தொடங்கிய பணி வேப்பேரியில் வேர் பிடித்தது. இந்த இடைவெளி மூடியது 1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது. இப்போது இந்த ஆலயம் அதன் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது.

பீடத்துக்கு மேலே இருக்கும் ஓவியம் கொள்ளையடித்து வந்ததா?

1761இல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து வந்தது என்பார்கள். கடைசி இராப்போஜனக் காட்சி. வரைந்தவர் கையெழுத்து இல்லாததால் ராஃபேல் பெயர்வரை இழுத்துப் பேசுவார்கள். அதை நம்பத் தேவையில்லை. கொள்ளையா என்றால், கொள்ளைதான்.

இவ்வளவு பழம்பெருமை இருந்தும் இது ஏன் கதீட்ரல் ஆகவில்லை?

ஊர் நகர்ந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்ப் பயம் தணிந்ததும் பணக்கார வெள்ளைக்காரர்கள் கோட்டையை விட்டு, மவுண்ட் ரோடு இருபுறமும் தோட்ட வீடுகளுக்குக் குடிபோனார்கள். அவர்கள் பக்கத்தில் 1816இல் புனித ஜார்ஜ் ஆலயம் அர்ப்பணமானது. 1835இல் பேராயர் வந்தபோது அதுவே கதீட்ரல் ஆனது. 1821இல் எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்களின் தேவாலயமான கிர்க் எழுந்தது. கட்டியவர் டி ஹாவிலண்ட் என்ற ராணுவ என்ஜினீயர். ஆனால் அவர் குண்டுக்குக் கவலைப்படவில்லை. அடியில் இருந்த இளகிய மண்ணுக்குக் கவலைப்பட்டுக் கிணறுகள் இறக்கி அஸ்திவாரம் போட்டார். மேலே வட்டக் கூடம், நீல டோம். இரண்டு ஆலயங்களையும் ஒரே நாளில் பார்த்தால், நடுவில் கழிந்த 140 ஆண்டுகளில் ஆங்கிலேயரின் பயம் எங்கே போனது என்று தெரியும்.

புனித மரியாள் ஆலயம் கோட்டைப் படையின் ஆலயமாக மட்டும் எஞ்சியது. படைப்பிரிவுகளின் கொடிகள் உள்ளே தொங்கின.

இன்றைக்குப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் நுழைவது தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவமும் இருக்கும் வளாகத்துக்குள். வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றம் நடக்கும் நாட்களில் கெடுபிடி அதிகம், அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. ஆராதனை நடந்துகொண்டிருந்தால் முடியும்வரை சுற்றிப் பார்க்காமல் உட்காருங்கள்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதை விடக்கூடாது?

முற்றத்துக் கற்களில் கால் மணி நேரம், உள்ளே வளைவுக் கூரைக்கும் ஜன்னல் ஓரச் சுவருக்கும் கால் மணி நேரம். மன்றோ, பிகாட், ஸ்வார்ட்ஸ் மூவரையும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். மிச்ச நேரத்தைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வையுங்கள். ஆலயத்தில் தொங்கிய பழைய படைக் கொடிகளை அங்கேதான் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.